மலைக்குப் போன கரிமூட்டை

எங்கள் ஊரில் மலை கிடையாது. பள்ளம்தான் உண்டு.

நான் பிறந்தது கம்மாபுரம் பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல் நீண்டுகொண்டே போய் வானத்தில் முட்டும். கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு வீட்டுக்காரர் ஒருநாள் தான் வேலை பார்க்கிற நிலக்கரி மைன்ஸைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, பூமிக்குள் அழுத்தி, பிறகு உருவி எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்தப் பள்ளத்தில் வாரிய மண்ணை ஒரு பக்கமாகக் கொட்டிக் கொட்டிப் பெரிய மேடு எழும்பியிருந்தது. எங்கள் பிளாக் பிள்ளைகளுக்கு அதுதான் மலை. பள்ளிக்கூடத்தில் மலைப் படம் வரையச் சொன்னால் செம்மண் கலரடித்து, உச்சியில் ஒரு மெஷினையும் நிறுத்திவிட்டு வருவார்கள். என் பெரிய பையன் அதற்காகவே டீச்சரிடம் குட்டு வாங்கினான்.

எனக்கும் மலையைப் பற்றி அவனைவிட அதிகம் தெரியாது. ஆனால் அருவியைப் பற்றி ஓர் ஆசை இருந்தது. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஓர் அருவிப் படம். அடுப்பு மூட்டும்போதெல்லாம் அது கண்ணெதிரே இருக்கும். வருஷம் முடிந்து தேதித்தாள் எல்லாம் போன பிறகும் அந்த அட்டையை நான் கழற்றவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலி அக்கா. அவர் வேறு, பேச்சு எங்கே தொடங்கினாலும் குற்றாலத்தில்தான் கொண்டுபோய் முடிப்பார்.

"தண்ணி தலையில விழுந்துச்சுன்னு வையி, மண்டைக்குள்ள கெடக்க கவலையெல்லாம் காது வழியா ஓடிரும்ட்டி."

எங்கள் குவார்ட்டர்ஸில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மைன்ஸில் இறைக்கிற தண்ணீர் குழாயில் வெதுவெதுப்பாக வந்துகொண்டே இருக்கும். பாத்ரூம்தான் முழங்கையைத் தூக்கினால் சுவரில் இடிக்கும். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் ஒரு தடவையாவது தலையைக் கொடுத்து நிற்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்னாலும் எதிரே இருக்கிறவருக்குக் கேட்காது. என் குரல் அப்படி.

எண்பது, எண்பத்தொன்று வாக்கில் எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாரும் கல்வராயன் மலைக்குப் போய்வரலாம் என்று கிளம்பினார்கள். ஏற்பாடு செய்தவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஃபோர்மேன். அங்கே அருவி இருக்கிறது என்று அவர் சொன்னதும், வீட்டுக்குப் போய்க் காலண்டர் அட்டையைத் துடைத்து மாட்டினேன். எல்லாருடைய வார லீவும் ஒரே நாளில் விழ வேண்டும்; ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டியவர் மாற்றிக்கொள்ள வேண்டும். இப்படியே இழுத்து இழுத்துக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று.

இந்த இடத்தில் மைன்ஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிவிட்டாலும் ஒருவர் தன் இடத்தை விட்டு இறங்கிவிட முடியாது. அடுத்த ஆள் வந்து நின்று, "நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு ரிலீவர் என்று பெயர். எத்தனையோ நாள் எங்கள் வீட்டில் குழம்பு ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடந்திருக்கிறது. ஏன் தாமதம் என்று கேட்டால், "ரிலீவர் வர்ல" என்பார் வீட்டுக்காரர். அதற்கு மேல் கேள்வி கிடையாது. இந்த வழக்கத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அடுப்பில் இருக்கிற பாலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனால், நான் திரும்பி வந்து நின்ற பிறகும் நகர மாட்டார்.

"பாத்துக்கறேன்னு சொல்லு. அப்பத்தான் போவேன்."

சொன்ன பிறகுதான் பேப்பரை எடுப்பார்.

என் வேலையும் ஏறக்குறைய அவர் வேலைதான், இடத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது. கோயிலுக்குப் போனால் எல்லாருடைய செருப்புக்கும் நான் காவல். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிற பைகளுக்கு நான் காவல். பேசாமல் இருக்கிறவள் நகராமலும் இருப்பாள் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. அவருக்காவது ரிலீவர் என்று ஒருவர் உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் திருநெல்வேலி அக்கா ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். பார்த்தால் கரி. லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரியைச் சுட்டு, மெஷினில் அழுத்தி, கைக்கு அடக்கமான வில்லைகளாக விற்பார்களே, அந்தக் கரி. எங்கள் ஊரில் எந்த வீட்டு அடுப்பும் அதில்தான் எரியும். முந்தின வருஷம் கடற்கரைக்குப் போயிருந்தபோது விறகு ஈரமாகி, அரைவேக்காட்டுச் சோற்றை எல்லாரும் மென்றோம். அதை அக்கா மறக்கவில்லை.

"மலையில வெறகு இல்லாமலாக்கா இருக்கும்?" என்றேன். நான் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஏனுங், மலைக்கு எதுக்குங்க கரி?" என்று ஃபோர்மேனும் கேட்டார். அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. அக்கா விடவில்லை.

"ஒங்களுக்கென்ன, ஒக்காந்து சாப்பிடுதவுக. அடுப்புக்கிட்ட நிக்கது நாங்கல்லா! இது நம்ம ஊரு கரி. நின்னு எரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீ மூட்டைகிட்ட ஒக்காந்துக்கோ" என்றார். ஆக, மலைக்குப் போனாலும் காவல்.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் மேற்கே நீலமாக ஏதோ தெரிந்தது. மழை மேகம் என்று நினைத்து, வீட்டில் கொடியில் கிடக்கிற துணி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டேன். "அதான் மலை" என்றார் டிரைவர். கிட்டப் போகப் போக நீலம் பச்சையாயிற்று. பச்சையிலும் பல பச்சை.

அடிவாரத்தில் ஃபாரஸ்ட் செக்போஸ்ட் இருந்தது. பெரிய மீசை வைத்த கார்டு ஒருவர் ஏறி வந்து மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தார்.

"மலையிலேருந்து மரத்தச் சுட்டுக் கரி எறக்கறவன புடிச்சிருக்கேன். மலைக்குக் கரி ஏத்திக்கினு போறவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன். போங்க, போங்க."

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. முதல் வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவர் குற்றாலத்து அக்காதான்.

மலைக்குள் நுழைந்த பிறகு மலையைக் காணவில்லை. இதை யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை. மண்மேடு என்றால் எங்கே நின்று பார்த்தாலும் முழுசாகத் தெரியும். இங்கே மரம், பாறை, வளைவு, மறுபடியும் மரம். கீழே முள்ளும் மூங்கிலுமாக இருந்தது. ஏற ஏறக் கடுக்காய் மரங்களும் பெயர் தெரியாத உயரமான மரங்களும் வந்தன. காற்றே வேறாகிவிட்டது. மூக்குக்குள் சாம்பல் வாசனை இல்லாமல் மூச்சு விடுவது எனக்குப் புதிது. ஒரு மரத்தில் பூனை அளவுக்கு ஓர் அணிலைப் பார்த்தேன். வால் மட்டும் ஒரு முழத்துக்குத் தொங்கியது. வீட்டுக்காரரிடம் காட்டுவதற்குள் பஸ் திரும்பிவிட்டது. இவ்வளவு பெரிய அணில் என்று கையை விரித்துக் காட்டினேன். "தூக்கம் வந்தா தூங்கு" என்றார்.

ஏறி முடித்ததும் உச்சி வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். வந்தது சமவெளி. சாமை வயல், பலா மரம், புளிய மரம், கூரை வீடு, மேய்கிற மாடு.

"ஏனுங், இதுக்குங்களா இத்தன வளைவு சுத்துனோம்?" என்றார் ஃபோர்மேன், மனம் நொந்துபோய். "கம்மாபுரம் மாதிரியே இருக்குதுங்களே."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. எங்கள் ஊரைத் தூக்கி மலைமேல் வைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காட்டுப் பாதையில் இறங்கி நடந்தோம். பாதி வழியில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். அழகாக, ராகம் போட்டு, கொஞ்சம் குறும்பாக. முன்னால் நடந்த ஃபோர்மேன் சட்டென்று திரும்பினார்.

"யாருங்க அது? பொம்பளைங்க வர்றாங்கன்னு தெரியுதில்ல?"

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் சீழ்க்கை. இந்தத் தடவை ஃபோர்மேன் என் வீட்டுக்காரரை முறைத்தார். என் வீட்டுக்காரருக்குச் சீழ்க்கை அடிக்கத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை சத்தம் வந்தபோதுதான் ஓடைப் பாறைமேல் கருநீலமாக ஒரு குருவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். ஃபோர்மேன் அதையும் முறைத்தார். அது நின்று, நிதானமாக, இன்னொரு அடி பாடிவிட்டுத்தான் பறந்தது.

அருவிக்குக் கொஞ்சம் மேலே அகலமான பாறை ஒன்று இருந்தது. அங்கே பாத்திரங்களையும் கரிமூட்டையையும் இறக்கினார்கள். அங்கிருந்து அருவியின் சத்தம் கேட்கும், அருவி தெரியாது. மரக்கிளைகளில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்கள் அரிசிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"இந்தா, ரிலீவர் வர்ற வரைக்கும் எடத்த உட்டு நவுராத" என்று வீட்டுக்காரர் ஒரு குச்சியைக் கையில் கொடுத்தார்.

முதலில் ஆண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். அடுத்து பெண்கள். போகும்போது திருநெல்வேலி அக்கா, "ரெண்டு முழுக்கு போட்டுட்டு ஓடி வந்து ஒன்ன மாத்தி விடுதேன்ட்டி. மாத்துத் துணிய எடுத்து வையி" என்றார். எடுத்து வைத்தேன். மஞ்சளும் சோப்பும்கூட எடுத்து வைத்தேன். கீழேயிருந்து கூச்சலும் சிரிப்புமாக வந்துகொண்டே இருந்தது. ஆண்கள் அந்தப் பக்கம் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் திரும்பி, "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். அதை வாய்விட்டுக் கேட்க வேண்டியது நான்தான். அதுதானே எனக்கு வராது.

தாட்டியான குரங்கு ஒன்று இறங்கி வந்தது. குச்சியைக் காட்டினேன். அது குச்சியை மதிக்கவில்லை. நேராக மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு கரி வில்லையை எடுத்து, முகர்ந்து, கடித்தது. பிறகு துப்பிவிட்டு, நான் ஏமாற்றிவிட்டதாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் மறக்கவில்லை. கறுத்த வாயோடு மரமேறிப் போய் மற்றவற்றிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் கிட்டே வரவில்லை.

அக்கா வந்தார். உதடு நீலமாக, பல் தந்தியடித்துக்கொண்டு வந்தார். வந்ததும், "ஐயோ, மணி என்ன ஆச்சு! பிள்ளையள்லாம் பசிக்குன்னு அழுதுல்லா. அடுப்ப மூட்டுட்டி!" என்றார்.

எடுத்து வைத்த மாற்றுத் துணியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு அடுப்பு மூட்டினேன்.

அந்தக் கரி பிடிக்க வேண்டுமே! எங்கள் குவார்ட்டர்ஸ் அடுப்பில் சொன்னபடி கேட்கிற கரி, அந்த ஈரக் காற்றில் மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டுப் புகை விட்டுக்கொண்டு கிடந்தது. விசிறினோம், ஊதினோம், அக்கா நெல்லைத் தமிழில் திட்டினார். எல்லாருடைய முகமும் கையும் கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் சுற்றிலும் உதிர்ந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிப் போட்டோம். சட்டென்று பிடித்துக்கொண்டது. ஃபோர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. கரடி தண்ணீருக்கு வருகிற நேரம் என்று டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கரிமூட்டை, கொண்டுவந்தது கொண்டுவந்தபடி பஸ் ஏறியது. தூக்கி எறிந்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, "நல்ல கரிய யாராது எறிவாகளா?" என்று அக்கா மறுத்துவிட்டார். நான் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஈரத் தலையோடு பெண்கள். முன் ஸீட்டிலிருந்த அக்காவின் கூந்தல் சொட்டுச் சொட்டாக என் முழங்கையில் வடிந்தது. எனக்குக் கிடைத்த அருவி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக முகமெல்லாம் கரி.

அடிவாரத்தில் மறுபடியும் செக்போஸ்ட். மீசைக்காரரைக் காணோம். ஒல்லியாக, விறைப்பாக வேறொரு கார்டு ஏறினார். மூட்டையைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார்.

"எந்த மரம் இது?"

"மரம் இல்லீங் சார், நிலக்கரி" என்றார் ஃபோர்மேன்.

"இந்த மலையில ஏதுய்யா நிலக்கரி?"

"இங்க இல்லீங், எங்க ஊர்ல."

"ஒங்க ஊர்ல கெடைக்கறத இங்க இன்னாத்துக்குக் கொண்டாந்தீங்க?"

"சோறாக்கங்க."

"ஆக்கினீங்களா?"

ஃபோர்மேன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அது பிடிக்கலீங். சுள்ளியிலதான் ஆக்கினோம்."

"அப்ப கரியும் எரியல, மூட்டையும் கொறயல, கையெல்லாம் மட்டும் கரி. நான் கேட்டுக்கினு இருக்கணும்?"

"பாருங்க சார், எல்லாம் ஒரே அளவு. மெஷின்ல அழுத்துனதுங்க."

"அச்சு எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

"யய்யா, காலையில ஒரு மீசக்காரரு பாத்து, விழுந்து விழுந்து சிரிச்சாருய்யா! அவரக் கேளுங்க!" என்று அக்கா இடையில் புகுந்தார்.

"அவரு டூட்டி முடிஞ்சிப் போயிட்டாரு. ஆள் அனுப்பறேன். வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் வண்டி நவுராது."

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். மாட்டிக்கொண்டதற்காக இல்லை. "ஷிப்ட் மாறும்போது இன்னா நடந்துச்சின்னு ரிலீவருக்குச் சொல்லிட்டுப் போவ மாட்டாரா? இன்னா சார் டிபார்ட்மெண்ட் நடத்தறீங்க!"

இந்தக் கேள்வி கார்டைச் சுட்டுவிட்டது. மூட்டையை இறக்கச் சொல்லி, செக்போஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து, தடியோடு தானே உட்கார்ந்துகொண்டார்.

"யாரும் கிட்ட வரக் கூடாது. இத இனிமே நான் பாத்துக்கறேன்."

எல்லாரும் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு நின்றுவிட்டேன்.

செக்போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தலையில் குடத்தோடும் ஈரச் சேலையோடும் வந்தாள். பின்னால் எங்கேயோ தண்ணீர் சத்தம். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அங்க தண்ணி விழுதா?"

"விழுதே. ரெண்டு ஆளு உசரம். பொம்பளைங்க குளிக்கற எடம், ஆம்பளைங்க வர மாட்டாங்க. போ."

பையிலிருந்து மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓடை வளைந்து பாறையிலிருந்து குதித்தது. காலண்டரில் இருந்தது போல அவ்வளவு உயரமில்லை, அதனால் என்ன? காட்டு நெல்லி மரம் ஒன்று மேலே கவிந்திருந்தது. கரைத் தண்ணீரில் காலை வைத்ததும் குட்டி மீன்கள் வந்து விரலைக் கொத்தின. ஒன்றும் யோசிக்காமல் தலையைக் கொடுத்துவிட்டேன்.

வெதுவெதுப்பான மைன்ஸ் தண்ணீரில் குளித்துப் பழகிய உடம்பு. அந்தக் குளிர் உச்சந்தலையில் அறைந்தது. அலறினேன். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த சத்தம் மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது. எதிர்ப்பாறையில் மோதி என் குரல் எனக்கே திரும்பி வந்தது. யாரோ துணைக்கு வந்தது போல இருக்க, சிரிப்பு வந்து இன்னொரு தடவை அலறினேன். கையை இரண்டு பக்கமும் விரித்தேன். முழங்கை எதிலும் இடிக்கவில்லை.

நான் துணி மாற்றிக்கொண்டு மேலே ஏறியபோது எதிரே ஒரு படையே வந்துகொண்டிருந்தது. முன்னால் கரண்டியோடு அக்கா, பின்னால் பெண்கள், அதற்கும் பின்னால் தடியும் கல்லுமாக ஆண்கள். கரடி அடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்கள்.

"ஏட்டி! ஒனக்கு இம்புட்டுச் சத்தம் இருக்கா?" என்று அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து என் ஈரத் தலையைப் பார்த்தார். "மூட்டைய உட்டுட்டு எங்க வந்த?"

"குளிக்கத்தாங்க. அதான் ரிலீவர் வந்துட்டாரே."

சொன்னது எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் கடைசியில் தடியோடு நின்றிருந்தவர் அந்த ஒல்லிக் கார்டுதான்.

"ஏனுங் சார், அப்ப இப்ப மூட்டைக்கு யாருங்க காவல்?" என்றார் ஃபோர்மேன்.

கார்டுதான் முதலில் ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். லுங்கியும் பனியனுமாக வந்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் காலையில் விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்ந்தார்.

"இவங்கதாம்ப்பா மலைக்குக் கரி ஏத்தன ஆளுங்க! உடு, உடு. இவங்கள உள்ள போட்டா நம்மளப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

மூட்டையை மறுபடியும் ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. நான் வழக்கம்போல மூட்டைக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். வீட்டுக்காரர் முன்னால் வந்து அந்த மூட்டையைத் தன் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வேட்டி கறுத்தது. அதை அவர் உதறக்கூட இல்லை.

"நீ அந்த ஜன்னலாண்ட போயி குந்து. தலை காயட்டும்," என்றார். நான் நகராமல் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் நிற்கிறேன் என்று புரிந்துவிட்டது.

"சரி சரி. நான் பாத்துக்கறேன்."

பிறகுதான் போய் உட்கார்ந்தேன்.